கோயிலுக்குக் கோயில் இறங்கிய சைக்கிள் வீரன்

எங்கள் வடமராட்சியில் ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குகிறவர்கள், ஏறுவதற்கு முன்னால் இறங்கத்தான் பழக்குவார்கள். கோயில் வாசலைக் கடக்கும்போது இறங்க வேண்டும். படிப்பித்த வாத்தியார் எதிரே வந்தால் இறங்க வேண்டும். செத்தவீட்டு ஊர்வலம் வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் சைக்கிள் ஓடலாம். இப்படி வளர்ந்த ஒருவன் எந்தக் காலத்திலும் போட்டிக்குப் போகக் கூடாது. நான் போனேன். அதுவும் வெறும் சைக்கிள் போட்டி இல்லை. கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் ஓடி, அது முடியக் காலாலும் ஓட வேண்டிய போட்டி. (எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் நல்லாயிருக்க வேண்டும்.)

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதென்றால் கோயிலில்தான். இரண்டு பகுதியும் தற்செயலாகக் கும்பிட வந்ததுபோல் நடிக்கும். அப்படி ஒரு தேர்த்திருவிழாவில் தரகர் கந்தப்பு அண்ணை பவளராணியைக் கண்ணால் காட்டினார். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கச்சான் கடலை விற்கிறவளுடன், அளக்கிற சுண்டு நிறையவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் கல்யாணம் குழப்புவதற்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமா? ஒரு கிழமை கழித்துக் கந்தப்பு அண்ணை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, உமக்கு இழுப்பு வருத்தமாம், மூச்சு முட்டுமாம். பெட்டையின்ரை தேப்பனுக்கு ஆரோ கோள் மூட்டிப்போட்டாங்கள்."

"எனக்கோ? தும்மல் தடிமன்கூட வாறேல்லை அண்ணை!"

"எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்கெல்லோ தெரியவேணும். வருசப்பிறப்புக்குப் பருத்தித்துறைக் கடற்கரையிலை போட்டி வைக்கினம். அவர்தான் நடுவர். நீர் ஓடிக் காட்டும். கடைசியா வந்தாலும் பறவாயில்லை, இழுக்காமல் வந்தால் காணும்."

பெண்ணின் தகப்பன் சுந்தரம்பிள்ளை மாஸ்டர், இளைப்பாறிய தலைமையாசிரியர். சரி, ஓம் என்றேன். போட்டியன்று காலை நான் அரைக்காற்சட்டையோடு கடற்கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது கந்தப்பு அண்ணை காதுக்குள் வந்தார்.

"ஒண்டு சொல்ல மறந்துபோனன் தம்பி. மாஸ்டர் சரியான சைவப்பழம். கோயிலைக் கண்டால் காரை நிப்பாட்டி இறங்கிக் கும்பிட்டுத்தான் போவார். பாத்து நடந்துகொள்ளும்."

இதைச் சொல்கிற நேரமா அது? விசில் ஊதிவிட்டார்கள்.

என்னோடு போட்டிக்கு நின்றவர்கள் எல்லாம் கரையோரத்துப் பெடியள். நடக்க முன்னமே நீந்தப் பழகியவர்கள். நான் நீந்தப் பழகியது எங்கள் தோட்டக் கிணற்றில். கிணற்றில் நாலு வீச்சு வீசினால் சுவர் வந்துவிடும், திரும்ப வேண்டும். கடலில் சுவர் இல்லை என்பது என் புத்திக்குத் தெரியும், கைகால்களுக்குத் தெரியவில்லை. அவை பழக்கதோஷத்தில் நாலு வீச்சுக்கு ஒருதரம் திரும்பின. காவலுக்கு வள்ளத்தில் நின்ற கிழவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"தம்பி, ஏன் நிண்ட இடத்திலையே சுத்துறீர்? ஏதும் விழுந்துபோச்சோ?"

வாய்க்குள் இருந்த கடலைத் துப்பிவிட்டுப் பதில் சொல்ல நேரமில்லை. ஒருவாறு கரையேறியபோது மற்றவர்களுடைய சைக்கிள்கள் ஒன்றும் அங்கே இல்லை. என்னுடையதும் ஒரு நாயும் மட்டும் நின்றன.

கடைசி ஆளுக்குப் பின்னால் நடுவரின் கார் வர வேண்டும் என்பது விதி. அதனால் மாஸ்டரின் பழைய ஏ-போர்ட்டி கார் எனக்கென்றே நேர்ந்துவிட்டதுபோல் பின்னால் உருண்டுவந்தது. அதன் கூரையில் ஒலிபெருக்கி. உள்ளே வாசிகசாலைச் செயலாளர். ஒலிவாங்கியைக் கண்டால் செந்தமிழ் மட்டுமே பேசுகிற மனுசன்.

முதல் கோயில் பிள்ளையார் கோயில். இறங்கினால் போட்டி போச்சு. இறங்காவிட்டால் பெண் போச்சு. இறங்கினேன். பின்னால் காரும் நின்றது. மாஸ்டர் இறங்கிவந்து எனக்குப் பக்கத்தில் நின்று தலையில் குட்டிக்கொண்டார்.

"அன்பார்ந்த பெருமக்களே! இதோ, நமது கடைசி வீரர் விநாயகப் பெருமானை வணங்குகிறார்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது.

பருத்தித்துறையிலிருந்து நெல்லியடிக்குப் போகிற வழியில் எத்தனை கோயில் என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அம்மனுக்கு இறங்கினேன். முருகனுக்கு இறங்கினேன். சிவன் கோயிலில் மாஸ்டர் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தானும் பூசி எனக்கும் நீட்டினார். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் செயலாளர் ஊருக்கெல்லாம் அறிவித்தார். சனம் சிரித்த சிரிப்பில் வேலிகள் ஆடின.

நடுவில் எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார் குடையோடு எதிரே வந்தார். என்னை அறியாமலே இறங்கிவிட்டேன்.

"என்னடா, எத்தினையாவதாப் போறாய்?"

"கடைசி, சேர்."

"கணக்கிலையும் உப்பிடித்தானே," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இதற்குப் பிறகு ஒரு நீண்ட நேர் றோட்டு. தூரத்தில் எனக்கு முன்னால் போன பெடியன் ஒருவன் சங்கிலி கழன்று குந்தியிருந்தான். இத்தனை அவமானத்துக்கும் பிறகு எனக்கும் ஒரு சந்தர்ப்பம்! குனிந்தேன், மிதித்தேன், மிதித்தேன். கண்ணுக்குள் வியர்வை, காதுக்குள் காற்று. அவனைத் தாண்டிப் பறந்தபோது திரும்பிப் பார்த்தேன்; காரையும் காணவில்லை, ஒலிபெருக்கியும் வாயை மூடிவிட்டது. கிழட்டுக் கார் எங்கேயோ படுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஓட்டம். வெறுங்காலோடு சித்திரை வெயிலில் தார் றோட்டில் ஓடினால் யாருக்கும் வேகம் வரும். எனக்குத் துள்ளல்தான் வந்தது. சங்கிலிப் பெடியன் என்னை முந்திக்கொண்டு போனான். போகிற போக்கில், "அண்ணை, கோயில் ஒண்டும் விட்டுப்போகேல்லையே?" என்று விசாரித்தான். மரியாதையான பெடியன்.

முடிவுக் கோட்டில் எல்லோரும் நாக்கைத் தள்ளி மூசிக்கொண்டு கிடந்தார்கள். அவர்கள் மூசலாம், அவர்களுக்கு யாரும் கோள் மூட்டவில்லை. அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட மாஸ்டர் எனக்கு நேரே நின்றார். நான் ஒரு மூச்சு இளைத்தாலும் 'இழுப்பு' என்று எழுதிவிடுவார்கள். வாயை இறுக்கினேன். மூக்கையும் இறுக்கினேன்.

"என்ன தம்பி, சுகமோ?" என்றார் மாஸ்டர்.

வாயைத் திறந்தால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை நிற்கவில்லை. றோட்டும் சனமும் சேர்ந்து சுற்றின. நெடுஞ்சாண்கிடையாக அவருடைய காலடியில் விழுந்தேன்.

"நல்லா இரும், நல்லா இரும். எழும்பும் தம்பி," என்று மாஸ்டர் ஆசீர்வதித்தாராம். நான் எழும்பாமல் கிடந்த பிறகுதான் அது நமஸ்காரம் இல்லை என்று விளங்கி, சோடாவை உடைத்து முகத்தில் ஊற்றினார்கள்.

அடுத்த நாள் கந்தப்பு அண்ணை வந்தார். கதிரையின் நுனியில் இருந்தேன்.

"இழுப்பு இல்லையெண்டு நம்பீட்டார். மூச்சே விடாதவனுக்கு என்ன இழுப்பு எண்டு கேட்டவர். பக்தியும் நல்லாப் பிடிச்சுப்போச்சு."

"அப்ப சரிதானே அண்ணை?"

"எங்கை சரி? அந்த நேர் றோட்டிலை வேப்பமரத்துக்குக் கீழை ஒரு சூலம் நிக்குதெல்லே, அது அவையின்ரை வைரவர். அதுக்குப் பக்கத்துப் படலைதான் அவையின்ரை வீட்டு வாசல். மனுசன் காரை நிப்பாட்டி இறங்கிப் பாத்தால் நீர் பறந்துபோட்டீராம். 'ஊரிலை உள்ள கோயில் எல்லாத்துக்கும் இறங்கினவன் எங்கடை வைரவரை மட்டும் மதிக்கேல்லை, எங்களை அவமதிக்கத்தான் செய்தவன்' எண்டு குதிக்கிறார். சம்பந்தம் வேண்டாமாம்."

அன்றைக்கு அழுதேன். சும்மா சொல்லவில்லை, கிணற்றடியில் போய் முகம் கழுவுகிற சாட்டில் நன்றாகவே அழுதேன். கடலைக் குடித்தது, காலைச் சுட்டது, ஊரே சிரித்தது எல்லாம் போகட்டும். அந்தக் கச்சான் சண்டைக்காரி கைவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் கந்தப்பு அண்ணை திரும்பவும் வந்தார். வாயெல்லாம் பல். பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாளாம், கட்டினால் உவரைத்தானாம். மாஸ்டருக்கு வேறு வழியில்லை. வைரவருக்கு நான் நடந்துவந்து வடைமாலை சாத்த வேண்டும், அதுவும் வருசா வருசம், என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்துத்தான், ஏன் அப்படி ஒற்றைக் காலில் நின்றாய் என்று பவளத்திடம் கேட்கத் துணிந்தேன். என் பக்திக்காக இருக்கும் என்று ஒரு நப்பாசை.

"பக்தியோ? ஸ்பீக்கரிலை நீங்கள் கோயிலுக்குக் கோயில் இறங்கிற புதினத்தைக் கேட்டு எனக்கு விசர் வந்திட்டுது. உந்தப் பேயனைக் கட்டினால் யாழ்ப்பாணம் போய்வரவே ஒரு கிழமை செல்லும், வேண்டவே வேண்டாம் எண்டு சொல்ல இருந்தனான். எங்கடை வைரவருக்கும் இறங்குவார், நல்லாச் சிரிப்பம் எண்டு படலையடியிலை வந்து நிண்டன். நீங்கள் ஐயாவையும் பாக்கேல்லை, வைரவரையும் பாக்கேல்லை, பறந்தியள். அப்பதான், ஆள் பறவாயில்லை, ஆம்பிளைதான் எண்டு நினைச்சன்."

அவளையும்தான் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். இப்போதும் வருசப்பிறப்புக்கு வடைமாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் படியிறங்கும்போது, வீட்டுக்கு வந்திருக்கிற ஆட்களுக்கு என் கடைசி மகள் விளக்கம் சொல்லுவாள்:

"அப்பா ஒரே ஒரு கோயிலுக்கு இறங்க மறந்ததாலைதான் நாங்கள் மூண்டு பேரும் பிறந்தனாங்கள்."