வாட்ச்மேனுக்கு நாற்பது கேள்விகள்

மோட்டாரைப் போட்டுவிட்டு வில்பிரட் மூன்றாவது மாடி ஏறி முடிக்கவில்லை, கீழே தண்ணி லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடியும் இறங்கினார்.

சேலையூரில் இருபது வீடுகள் கொண்ட அந்த ஃபிளாட்ஸில் வாட்ச்மேன் நின்றுபோய் ஒன்பது நாளாகிறது. செகரட்டரி வில்பிரட், ரிட்டயர் ஆகும்வரை கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் மேனேஜர். "சரியான ஆள் கிடைக்கிற வரைக்கும் கேட்டை நானே பாத்துக்கறேன்" என்று மீட்டிங்கில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அசோசியேஷன் வரலாற்றில் அப்படியொரு கைதட்டல் விழுந்ததே இல்லை.

"யாரையாவது போடுங்களேன். உங்க முழங்கால் தாங்காது" என்றாள் மனைவி ஜெயசீலி.

"ஆளைப் போடறது பெரிசில்ல ஜெயா, குணம் தெரியணும். முப்பது வருஷம் மனுஷங்களை எடை போட்டவன் நான்."

குணத்தைக் கண்டுபிடிக்க நாற்பது கேள்விகளை பிரிண்ட் எடுத்துவைத்து, கேட் பக்கம் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் மாரி. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்தவர், வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"டெஸ்ட் முடியட்டும். நீங்க ஒரு மரமா இருந்தா எந்த மரமா இருப்பீங்க?"

"இன்னா சார், மனுசனா இருந்தே சம்பளம் ஏற மாட்டேன்னுது. மரத்துக்கு யாரு குடுப்பா?"

'எதிர்மறை எண்ணம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அரிகிருஷ்ணன். மூன்றாவது கேள்விக்கே, "பாத்ரூம் எங்க கீது சார்?" என்றார்.

"வாட்ச்மேனுக்குத் தனியா கிடையாது. எதிர்ல காலி மனை இருக்கு. உங்களுக்கு கவனம் சிதறுது!"

அவரும் போனார். அதற்கப்புறம் ஒரு வாரம் யாருமே எட்டிப் பார்க்கவில்லை. வில்பிரட்டின் முழங்கால் வீங்கியது. அவசரத்துக்குக் கேள்விகளைப் பத்தாகக் குறைத்தார், அதற்கும் ஆளில்லை. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததுபோல, கூரியர்காரப் பையன் வேறு, "வாட்ச்மேன் அண்ணா, இதை டூ-பி வீட்ல குடுத்துடுங்க" என்று பார்சலை மடியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஒரு வாரமும் கழிந்து மறுநாள் வந்தாள் முனியம்மா. ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட புடவை, நிமிர்ந்த பார்வை. வில்பிரட்டுக்கு ஆசை பெருகியது. பழையபடி நாற்பதையும் எடுத்தார்.

"கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"உடனே காட்டிக்க மாட்டேன் சார். நேரம் பாத்து சொல்லுவேன்."

"அருமை! ஒருத்தரைப் பத்தி எப்படி முடிவெடுப்பீங்க?"

"ரெண்டு ஆள வுட்டு விசாரிப்பேன். அப்பால நானே நேர்ல போய்ப் பாப்பேன்."

நாற்பதுக்கு முப்பத்தொன்பது! ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. "பாத்தியா ஜெயா, என் டெஸ்ட்டை!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். கண் கலங்கிவிட்டது. கேட் சாவியை நீட்டினார்.

"நாளைக்கே சேர்ந்துடுங்கம்மா."

முனியம்மா கையை நீட்டவில்லை.

"இந்தப் பக்கத்து வாட்ச்மேன் ஆளுங்களுக்கு வேலை பாத்து வுடறது நான்தான் சார். மாரிய தண்ணி கேக்கச் சொல்லி அனுப்பிச்சேன், அரிய பாத்ரூம் கேக்கச் சொல்லி அனுப்பிச்சேன், நானு ஒரு மணி நேரமா நின்னுகினே கீறேன்... எங்க டெஸ்ட்டுல நீங்க பெயிலு சார்."