அம்மாவின் இண்டர்வியூவும் அப்பாவின் வால்வும்

டாக்டரிடம் போய் நோயை மறைக்கிறவர்கள் உண்டு. மெக்கானிக்கிடம் போய் மறைக்கிறவனும் உண்டா என்று கேட்டால், பிள்ளைகளே, இருக்கிறான். தினமும் காலையில் உங்களுக்குச் சாக்ஸ் தேடித் தருகிறவன்தான் அவன்.

நீங்கள் இருவரும் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பெர்மாஸ் ஜெயாவில் பட்டறை வைத்திருந்த சேகர் அண்ணன் நம் பழைய காருக்கு டர்போ பொருத்திக் கொடுத்தார். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் மிஞ்சும் காற்றை ஒரு வால்வு சத்தமில்லாமல் உள்ளேயே திருப்பிவிடும். சத்தமில்லை என்பதுதான் என் குறை. மற்றவர்கள் கார் சிக்னலில் ‘ப்ஸ்ஸ்ஸ்’ என்று பெருமூச்சு விடும். என்னுடையது ஊமை.

“காத்த வெளிய விடுற வால்வு போட்டுறாதடா மணி. நம்ம செட்டப்புக்கு ஒத்து வராது. போட்டா என் பட்டறைப் பக்கம் வராத” என்றார் சேகர் அண்ணன்.

அடுத்த சனிக்கிழமையே போட்டேன். அது என்ன சத்தம் என்று அம்மா கேட்டாள். “பஸ்ஸு பிரேக் மாதிரி லா. சேப்டி” என்றேன். (நம்பிவிட்டாள். அதை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.)

இரண்டே நாளில் கார் கறுப்புப் புகை கக்கியது. பெட்ரோல் வாடையில் கண் எரிந்தது. காலை எடுத்தால் எஞ்சின் அணைந்தது. சேகர் அண்ணனிடம் போயாக வேண்டும். வால்வைப் பார்த்தால் திட்டுவார். அதனால் ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலிலேயே புது வால்வைக் கழற்றி, பழையதை மாட்டிக்கொண்டு போனேன்.

அவர் பிளக்கைக் கழற்றினார். கண்மை டப்பாவில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது.

“பெட்ரோல் எண்ணெ தூக்கலா போவுதுடா. கடைசியா என்னா மாத்துன?”

“ஒண்ணும் மாத்தலண்ணே.”

சென்சாரை மாற்றினார். இன்ஜெக்டரைக் கழுவினார். ஓட்டிப் பார்த்தால் பட்டுப்போல் ஓடியது. வீட்டுக்கு வந்து புது வால்வை மாட்டினேன், மறுபடி புகை. இப்படி மூன்று முறை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவரைக் கண்டால் காருக்கும் பயம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான், ஐந்து வருடம் உங்களோடு வீட்டிலேயே இருந்த அம்மாவுக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலையிலிருந்து இண்டர்வியூ வந்தது. பொருள்களின் தரம் பார்க்கும் வேலை. மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

“ஏங்க, டாக்சி கூப்பிட்டுக்கவா?”

“நான் இருக்கும்போது டாக்சியா?”

வழியில் எத்தனை சிக்னலோ, அத்தனையிலும் எஞ்சின் அணைந்தது. வாடை தாங்காமல் அம்மா கண்ணாடியை இறக்கினாள். புகை உள்ளே ஏறியது. அரை மணி நேரம் தாமதமாகத் தொழிற்சாலை கேட்டுக்கு வந்து, முடுக்கியிலிருந்து காலை எடுத்தேன். ப்ஸ்ஸ்ஸ். அணைந்தது. அம்மா அவசரமாக இறங்கினாள். நான் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். புகைக்குழாயில் தேங்கிய பெட்ரோல் ‘டமார்’ என்று வெடித்தது.

கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா நெருப்பு என்றே நினைத்துவிட்டார். “அப்பி! அப்பி!” என்று அவர் மொழியில் கத்திக்கொண்டு தீயணைப்புச் சிலிண்டரோடு ஓடிவந்தார். நெருப்பே இல்லை. இருந்தும் கடமை தவறாமல் பொடியை அடித்தார். அம்மாவின் கறுப்புக் கால்சட்டை வெள்ளையானது. வெள்ளைச் சட்டை ஏற்கெனவே கரியாகியிருந்தது.

அம்மா கைப்பையைத் தட்டிவிட்டு, அப்படியே உள்ளே போனாள். (நானாக இருந்தால் பத்து பாகாட்டில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கே ஓடியிருப்பேன்.) பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

“கூப்பிடுறோம்னு சொன்னாங்க.”

மூன்று வாரம் பழகிய பேச்சு அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சேகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்; அது என் அடுத்த புத்திசாலித்தனம்.

“கடைசியா என்னா மாத்துன? உண்மையச் சொல்லு.”

“ஒண்ணும் மாத்தலண்ணே.”

அம்மா போன் பக்கம் குனிந்தாள். “அண்ணே, அந்த பிரேக் சத்தம் வந்ததுலேர்ந்துதான் புகையும் வருது.”

“என்னா பிரேக் சத்தம் தங்கச்சி?”

பொடி படிந்த உதட்டைக் குவித்து அம்மா சொன்னாள்: “ப்ஸ்ஸ்ஸ்.”

போனில் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

“அலமாக்! மூணு தடவ பிரிச்சுப் பார்த்தேனேடா! தங்கச்சி, அது பிரேக் இல்லம்மா. உள்ள வர்ற காத்த எண்ணித்தான் காரு கம்ப்யூட்டரு எண்ணெ ஊத்தும். பத்துப் பேருன்னு எண்ணிச் சோறாக்குது. இவன் அஞ்சு பேரப் பின்வாசல் வழியா அனுப்பிட்டான். மிஞ்சுன சோறுதான் புகையா வருது!”

அம்மா போனை அணைத்து என் மடியில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தத் தொழிற்சாலை இன்றுவரை கூப்பிடவில்லை. செனாயிலேயே வேறு தொழிற்சாலையில் வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. கண்ணாடி முன்னால் மறுபடி முதலிலிருந்து பேசிப் பழகினாள். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் யார் எதை மறைத்தாலும் ‘ப்ஸ்ஸ்ஸ்’ என்கிறீர்களே, அது இப்படி வந்ததுதான். பழைய வால்வைப் போட்டபின் கார் ஊமையாகத்தான் ஓடுகிறது. தினமும் காலையில் செனாயில் அம்மாவை வேலைக்கு இறக்கிவிடுகிறேன். கதவைச் சாத்துவதற்கு முன் அந்தச் சத்தத்தை அவளே போட்டுவிட்டுப் போகிறாள்.