லேஞ்சி போட்டுப் புடிச்ச பிளேன் சீட்

போன மாசம் எனக்கு ஒரு லேசான வேல. பொஞ்சாதி நஸீமாவக் கூட்டிக்கொண்டு பிளேன் ஏறி, தோஹாவுல மகள்ட வீட்டுல கொண்டுபோய் இறக்கோணும். அவ்வளவுதான்.

நஸீமா கற்பிட்டியில பொறந்து வளந்தவ. ஆனா வள்ளத்துல கால் வெக்க மாட்டா. ஊரே வள்ளம் ஏறித் தீவுக்குப் போனா, இவ கரையில நிண்டு எல்லார்ட செருப்புக்கும் காவல் இருப்பா. அப்படிப்பட்ட மனிசிய ஆகாயத்துல ஏத்துறதெண்டா சும்மாவா!

மகளப் பாத்து ரெண்டு வருசம். போன்ல ஒவ்வொரு நாளும் அழுகை. ஆனா பிளேன் எண்டு சொன்னா ஒரே வார்த்த, "நான் மாட்டேன்."

கடைசியா ஒரு நிபந்தனையோட சம்மதிச்சா.

"அது மேல எழும்புற நேரம் நீங்க எண்ட கையப் புடிச்சிக்கொண்டு இருக்கோணும். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, நான் வரல்ல."

"வல்லாஹி புடிக்கிறன்."

"வல்லாஹி போட்டிருக்கீங்க, அல்லாஹ் மேல சத்தியம். யோசிச்சிக்கொள்ளுங்க."

இதுல யோசிக்க என்ன இருக்கு? பக்கத்துல இருந்தா கையப் புடிக்கத்தானே போறன்!

அடுத்த நாள் தோஹாவுல இருந்து மருமகன் கோல் எடுத்தாரு.

"மாமா, அந்தக் கம்பனி முந்தி மாதிரி இல்ல. இப்ப சீட் நம்பர் போட்டுத்தான் ஏத்துறாங்க. கொஞ்சம் காசு கட்டினா ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல எடுக்கலாம். எடுக்கவா?"

"டிக்கட்டுக்குக் காசு கட்டின பொறகு சீட்டுக்கும் காசா? நிண்டுகொண்டா போவாங்க? தேவல்ல மகன். மாமா பாத்துக்கொள்றன்."

இந்த வாய் இருக்கே, இதத்தான் முதல்ல தச்சிப் போடோணும்.

மக்களே, எண்ட தைரியத்துக்கும் ஒரு காரணம் இருந்திச்சி. நான் வெங்காய யாவாரி. கிழமைக்கு ரெண்டு தரம் கொழும்பு பஸ் ஏறுற ஆள். பஸ் வந்து நிக்க முந்தியே ஜன்னலால லேஞ்சிய, அதான் கைக்குட்டைய, எறிஞ்சி சீட் புடிச்சிருவன். லேஞ்சி கெடக்குற சீட்டுல எவனும் இருக்க மாட்டான். எங்கட பக்கத்துல சனம் அரசாங்கச் சட்டத்த மீறும், லேஞ்சிய மீறாது.

போன தரம் இதே பிளேன்ல தனியாப் போன நேரமும் அப்படித்தான். அப்ப நம்பர் கிம்பர் ஒண்டும் இல்ல. ஓடினவனுக்குச் சீட். முதல் ஆளா ஓடி, ஜன்னல் ஓரமா இருந்தன். அந்தப் பெருமையில இன்னும் எண்ட தல கனம் இறங்கல்ல.

கட்டுநாயக்க எயார்போட் கவுண்டர்ல இருந்த நங்கி ரெண்டு போடிங் பாசத் தந்தா. நஸீமாவுக்கு ஆறாம் வரிசையில ஜன்னல். எனக்கு இருபத்தேழாம் வரிசையில நடுச் சீட்.

"நங்கி, நாங்க புருசன் பொஞ்சாதி" எண்டன்.

"தெரியுது அங்கிள். சிஸ்டம்தான் போடுது."

"அந்த சிஸ்டத்துக்கு நிக்காஹ் நடந்த விசயம் தெரியாதா?"

புள்ள சிரிச்சா. ஆனா சீட் மாறல்ல. பிளேன் ஃபுல்லாம்.

நஸீமா எண்ட சட்டக் கையப் புடிச்சா. "என்ன சொல்றா? நீங்க எங்க, நான் எங்க?"

"ஒண்டுமில்ல. உள்ளுக்குப் போய்ச் சரிபண்ணுவம்."

கேட்டுல இன்னும் ஒரு சனியன் காத்துக்கொண்டு இருந்திச்சி. ஏறுறதுக்கும் குரூப் பிரிச்சிருக்காங்க. நஸீமா ரெண்டாம் குரூப், நான் அஞ்சாம் குரூப். நான் அதையெல்லாம் எங்க பாத்தன்? கதவுக்கு முன்னால முதல் ஆளாப் போய் நிண்டுட்டன். எல்லாரும் கதிரையில சாஞ்சி இருக்காங்க. பாவம், பஸ் ஏறிப் பழக்கமில்லாத சனம் எண்டு நெனச்சன்.

முதலாம் குரூப்பக் கூப்பிட்ட உடன பாச மிசின்ல வெச்சன். அது "கீ" எண்டு கத்திச்சி. செவப்பு லைட்! பின்னுக்கு நிண்ட சனமெல்லாம் கள்ளனப் பாக்குற மாதிரி என்னப் பாத்திச்சி.

"சேர், நீங்க குரூப் அஞ்சி. கடைசியா வாங்க."

திரும்பி வந்து நஸீமாக்குப் பக்கத்துல இருந்தன். அவட வாய் துஆ ஓதுது. கண் என்ன ஏசுது.

அப்பதான் எண்ட மூள வேல செஞ்சிச்சி. இல்ல, வேல செய்யாம விட்டிச்சி எண்டு சொல்றதுதான் சரி. சட்டப் பையில இருந்த லேஞ்சிய எடுத்து அவட கையில குடுத்தன்.

"ரெண்டாம் குரூப்பக் கூப்பிட்டா நீ முந்திப் போ. உண்ட பக்கத்துச் சீட்டுல இதப் போடு. யார் வந்தாலும் ஆள் வாறாரெண்டு சொல்லு."

"பிளேன்ல லேஞ்சி செல்லுமா?"

"ஏன் செல்லாது? அங்க இருக்கிறதும் மனிசன்தானே!"

அல்லாஹ்வே எண்டு அவ போனா. நான் அஞ்சாம் குரூப்போட கடைசியா ஏறினன்.

ஆறாம் வரிசைக்கு வந்து பாத்தா, நஸீமா ஜன்னலோரம் கண்ண இறுக்கி மூடிக்கொண்டு ஓதுறா. பக்கத்துச் சீட்டுல பெரிய உடம்போட ஒரு சிங்கள மாத்தயா. எண்ட லேஞ்சி நாலா மடிச்சி அவர்ட மடியில இருக்கு.

"இது உங்கடதா? எண்ட சீட்டுல கெடந்திச்சி" எண்டு சிங்களத்துல சொல்லி, பவ்வியமாத் தந்தாரு. நானும் நன்றி சொல்லி வாங்கிட்டன். வேற என்ன செய்ற?

விசயத்தச் சொன்னன். பொஞ்சாதிக்கு முதல் பயணம், பயம், கை புடிக்கோணும், எல்லாம் கொட்டினன்.

மனிசன் நல்லவர். "எனக்கு முழங்கால் வருத்தம். நடுச் சீட்டுக்கு நடுச் சீட் மாறி என்ன பிரயோசனம்? நடவழியோரம் ஒரு சீட் தேடித் தாங்க, எழும்பிப் போறன்."

யாவாரிக்கிட்ட இப்படிச் சொல்லலாமா? தரகு வேல எண்டா எனக்குச் சோறு தண்ணி வேணாம். விறுவிறுண்டு பின்னுக்குப் போனன். பதினாலாம் வரிசையில, நடவழியோரம் ஒரு சின்னப் புள்ள. சிலாபப் பக்கம். அவவும் அக்காவும் முதல் தரமா வேலைக்குப் போறாங்களாம். அக்கா எங்க எண்டு கேட்டன்.

"இருபத்தேழுல, ஜன்னல் பக்கம்" எண்டா, மூக்க உறிஞ்சிக்கொண்டு.

அக்காக்குப் பக்கத்துல நடுச் சீட் யார்ட? எண்டது! நான் அந்த இடத்துலயே துள்ளாத குறை. புள்ள எண்ட சீட்டுக்குப் போகோணும், மாத்தயா புள்ளட சீட்டுக்கு வரோணும், நான் மாத்தயாட சீட்டுக்குப் போகோணும். மூணு பேருக்கும் லாபம். வெங்காயத்துல கூட இப்படி ஒரு யாவாரம் எனக்குக் கெடச்சதில்ல.

மாத்தயாக்குக் கையக் காட்டினன். அவர் எழும்பினாரு. நான் புள்ளட பேக்க எடுத்துக் குடுக்க மேல் தட்டுக்குள்ள தலைய விட்டன். பேக் எங்கயோ மாட்டிக்கொண்டு வர மாட்டேங்குது. நான் இழுக்க, முதுகுக்குப் பின்னால யார் யாரோ போறாங்க, வாறாங்க. "சொறி, சொறி" எண்டு ஒதுங்கி ஒதுங்கி இழுத்தன். ஒரு மாதிரி பேக் வந்திச்சி. புள்ள பின்னுக்குப் போய்ட்டா. மாத்தயா காலை நீட்டி இருந்திட்டாரு. நான் வெற்றி நடையில முன்னுக்குப் போனன்.

ஆறாம் வரிசை. நடுச் சீட் எனக்காகக் காலியா இருக்கு. இருந்து, பெல்ட்டப் போட்டு, கைய நீட்டி, "நஸீமா, வந்திட்டன்" எண்டன்.

ஜன்னலோரத்துல இருந்து ஒரு வயசான சிங்கள அம்மா என்னத் திரும்பிப் பாத்தா.

"இங்க இருந்த நோனா எங்க?"

"புருசனத் தேடித்தான் பின்னுக்குப் போச்சி. பாவம், அழுதிச்சி. பிளேன்ல வேல செய்ற புள்ள அவவக் கூட்டிக்கொண்டு வந்து சீட் மாறக் கேட்டா, நான் எண்ட இருபத்தேழாம் வரிசை நடவழியோரச் சீட்டக் குடுத்திட்டு இங்க வந்தன். எனக்கும் ஜன்னல் கெடச்சிச்சி."

விளங்கிச்சா மக்களே? நஸீமா கண்ணத் தொறந்திருக்கா. பக்கத்துல இருந்த மாத்தயாவே எழும்பிப் போறாரு. என்னமோ நடக்கப் போகுதெண்டு பயந்து, பிளேன் புள்ளயக் கூப்பிட்டு, புருசன்ட சீட் நம்பரச் சொல்லி, அந்த இருபத்தேழாம் வரிசைக்கே போய்ட்டா. நான் மேல் தட்டுக்குள்ள தலைய விட்டிருந்த நேரம், எண்ட முதுகுக்குப் பின்னாலதான் போயிருக்கா! நான் "சொறி" சொன்னதுல ஒண்டு எண்ட பொஞ்சாதிக்கு.

நான் மூணு பேரப் புடிச்சி, யாவாரம் பேசி, வேர்த்து வடிஞ்சி செஞ்ச வேலைய, அவ ஒரு சொட்டுக் கண்ணீர்ல முடிச்சிட்டா. ஆனா எதிர்ப் பக்கத்துக்கு!

பெல்ட்டக் கழட்டி எழும்பினன். பிளேன் புள்ள ஓடி வந்தா.

"சேர், இருங்க. கதவு மூடியாச்சி. உங்கட சீட் நம்பர் என்ன?"

"இருபத்தேழு. ஆனா அதுல பதினாலு இருக்கு. பதினாலுல ஆறு இருக்கு. ஆறுல நான்..."

அவ எண்ட தோள அமத்தி இருத்திட்டா.

பிளேன் ஓடத் தொடங்கிச்சி. எனக்கு நஸீமாட முகம்தான் கண்ணுக்குள்ள. வல்லாஹி போட்டிருக்கன். அவ தனியா, கண்ண மூடிக்கொண்டு, கையத் தடவித் தேடிக்கொண்டு... சே! அற்பக் காசு. அதக் கட்டியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பன்?

இன்னொரு உண்மையும் சொல்லோணும். எனக்கும் பிளேன் எண்டா பயம். போன தரம் எழும்புற நேரம் தெரிஞ்ச சூறா எல்லாம் ஓதி, தெரியாததையும் ஓதிப் பாத்தவன் நான். அவ கையக் கேட்ட நேரம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். எண்ட மானத்தையும் காப்பாத்தின மாதிரி ஆச்சே!

பிளேன் மூக்கத் தூக்கிச்சி. எண்ட குடல் கட்டுநாயக்கயிலயே நிண்டிட்டுது. பக்கத்துல இருந்த அம்மா என்னப் பாத்து, "பய வெண்ட எபா புதே" எண்டு சொல்லி, பயப்படாதேண்டு ஒரு இஞ்சி டொபியத் தந்தா. வாங்கிச் சப்பினன். அழுகை வரல்ல, அவ்வளவுதான்.

பெல்ட் லைட் அணைஞ்ச உடன பின்னுக்கு ஓடினன். மயக்கம் போட்டிருப்பாளோ, சத்தம் போட்டிருப்பாளோ!

நஸீமா நிமிந்து இருக்கா. சிலாபத்துப் புள்ள அவட தோள்ல சாஞ்சி தூங்குது. புள்ளட கை அவட கைக்குள்ள. அக்காக்காரி, நஸீமா மகளுக்கெண்டு கட்டின தொதல்ல ஒரு துண்டக் கடிச்சிக்கொண்டு இருக்கு.

"எங்க போனீங்க?"

"உன்னத் தேடித்தான். நீ எங்க போன?"

"உங்களத் தேடித்தான்."

"என்ன மன்னிச்சுக்கோ புள்ள. கையப் புடிக்க ஏலாமப் போச்சி."

"ச்சூ, மெல்லக் கதைங்க. இந்தப் புள்ள உம்மாவ உட்டுட்டு வந்ததெண்டு ஒரே அழுகை. சமாதானப்படுத்தினன். பாத்தா ஜன்னல்ல மேகம் தெரியுது. எப்ப எழும்பினதெண்டே எனக்குத் தெரியாது." என்ன ஏற இறங்கப் பாத்தா. "உங்கட மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"ஏசி கூடிப் போச்சி" எண்டன்.

தோஹாவுல மகள் ஓடி வந்து கட்டிப்புடிச்சா. ரெண்டு பேரும் அழுது முடியக் கொஞ்ச நேரம் எடுத்திச்சி. பொறகு மகள் கேட்டா:

"உம்மா, பயந்தீங்களா? வாப்பா கையப் புடிச்சிக்கொண்டாரா?"

"எனக்கு என்ன பயம் மகள்? வாப்பாட கையப் புடிக்கத்தான் ஆளில்லாமப் போச்சி, பாவம்."