வேகன்ஸி அக்காவும் தாய்மாமன் உட்கார்ந்த நாற்காலியும்

எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் பக்கம் கடையோ கம்பெனியோ வைத்திருந்தவர்களில், வேகன்ஸி அக்காவிடம் மாட்டாமல் தப்பித்தவர் ஒருவர்கூட இல்லை. பல் பிடுங்கப் போன இடத்தில், திறந்த வாயை மூடாமலேயே டாக்டரிடம், "உங்க கிளினிக்ல ஏதாவது வேகன்ஸி?" என்று கேட்டவர் அவர்.

வேலை அவருக்கு அல்ல. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பன்னிரண்டு பேருக்காக அஸ்தினாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் பகல்நேர இல்லம் நடத்திவந்தார். எல்லோரும் இருபது வயது தாண்டியவர்கள். நான் அங்கே டைப்பிஸ்ட். வேலை கேட்டுக் கடிதம் அடித்து அடித்தே மெஷினில் பாதி எழுத்து தேய்ந்துவிட்டது.

ஒருநாள் கல்யாண மண்டபத்து முதலாளி, தன் அப்பாவின் நினைவு நாளுக்காகச் சாம்பார் சாதமும் வடையுமாக வந்து இறங்கினார். அக்கா வடையைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"வடை பிரமாதம் சார். மண்டபத்துல ஒரு வேகன்ஸி இருக்குமே?"

"இன்னாம்மா நீ! இவங்க வந்து இன்னா வேலை செய்வாங்க?"

அக்கா வாசலைக் காட்டினார். வந்தவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளையெல்லாம், எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவரான கோதண்டம் ஜோடி ஜோடியாக, பெரிதிலிருந்து சிறிதுவரை, கோடு போட்ட மாதிரி அடுக்கிவைத்திருந்தார். முதலாளி தன் செருப்பையே கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார்.

மண்டபத்தில் நாற்காலி போடும் வேலை கோதண்டத்துக்குக் கிடைத்தது. கூடவே ஒரு காக்கிச் சட்டையும். முதல் முகூர்த்தம் முடிந்த மறுநாளே முதலாளி ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

"மாப்ள தாய்மாமன் ஃபேனுக்குக் கீழ சேரை நவுத்திகினு உக்காந்தாரும்மா. இவன் வந்து அவரை சேரோட சேர்த்து இழுத்துட்டான்!"

"இழுத்துட்டார்னு சொல்லுங்க சார். அவருக்கு முப்பத்திரண்டு வயசு."

"சரிம்மா, இழுத்துட்டாரு!"

"வரிசை நேரா வந்துச்சா?"

"வந்துச்சு. அது வேற மேட்டரு!"

கோதண்டம் மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு கைகளாலும் பொத்தான்களைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்த அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"தப்பு எங்க மேலதான் சார். சேர் போடச் சொல்லிக்கொடுத்தோம். ஆள் உக்காந்தா விட்டுடணும்னு சொல்லிக்கொடுக்கல. ஒரு வாரம் டைம் குடுங்க."

அன்றிலிருந்து இல்லத்தில் தினம் ஒரு கல்யாணம். நான்தான் தாய்மாமன். நான் நாற்காலியை நகர்த்துவேன். கோதண்டம் என்னோடு சேர்த்து அதைப் பழைய இடத்துக்கு இழுப்பார். "ஆள் உக்காந்துட்டா சேர் அவங்களுது கோதண்டம்" என்று அக்கா நூறு முறை சொன்னார். நாலு நாள் இழுபட்டதில் என் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் நகர்த்தினேன். கோதண்டம் வேகமாக வந்தார். நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் மட்டும் கோணலாக நின்ற நாற்காலியிலேயே இருந்தது. நான் எழுந்த மறுநொடி பாய்ந்து நாற்காலியை நேராக்கிவிட்டுச் சிரித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன வெயிலு" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த முகூர்த்தத்துக்கு அக்காவும் நானும் அழைப்பில்லாமலே போய் உட்கார்ந்தோம். யார் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கோதண்டம் பின்னால் கை கட்டியபடி ஜில்லா கலெக்டர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். பந்தி முடிந்ததும் முதலாளி எங்களிடம் வந்தார்.

"கோதண்டம் சாரு இங்கியே இருக்கட்டும்மா" என்றார்.

அக்கா நன்றி சொல்லியிருக்கலாம். "சமையல்கட்டுல வேகன்ஸி இருக்கா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. அக்கா தாம்பரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். பிளாட்பாரத்து டீக்கடைக்காரரைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

"அக்கா, போயிட்டு வரேன்!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை ஆட்டினார். மறு கை கழுவாத கிளாஸ்களைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எனக்கு ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. வண்டலூர் தாண்டும்வரை நான் கதவை விட்டு நகரவில்லை.