உயிரோடு வந்த மனைவியும் வாசல் நிறையக் கதிரைகளும்

பயந்தாங்கொள்ளிக்குக் கைபேசி வாங்கிக் கொடுக்கக் கூடாது. மறுமுனையில் ஆள் எடுக்காவிட்டால், மனதுக்குள் ஜனாஸா எடுத்து அடக்கமும் செய்துவிடுவான். (நான்தான் அந்த ஆள்.)

மனைவி பரீதா உச்சமுனையில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குத் தோணியில் போயிருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு வருவதாகச் சொன்னவள் வரவில்லை. கைபேசியும் அணைந்திருந்தது. கொஞ்சம் காற்று வேறு. (கற்பிட்டியில் காற்றடிக்காத நாள் எது?) என்னைப் பொறுத்தவரை தோணி கவிழ்ந்தே விட்டது.

நாலு பேர் முன்னால் நாக்கு எழாத நான் பள்ளிவாசலுக்கு ஓடினேன். "பரீதா... தோணி... கடல்..." என்று பாங்கு சொல்லும் மோதினாரிடம் அழுதேன். மனிதர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் பரீதா கடலில் மௌத்தாகிவிட்டாள் என்று அறிவித்துவிட்டார்.

எங்கள் ஊரில் அந்த அறிவித்தல் கேட்டால் யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மௌத்து வீட்டில் ஆட்கள் உட்காரக் கதிரை தூக்குவார்கள். நான் வீடு திரும்பியபோது வாசல் நிறையக் கதிரை. இளைஞர்கள் தேடுவதற்குப் படகு இறக்கியிருந்தார்கள்.

பொழுதுபடும் நேரம், மஃரிபுக்குச் சற்று முன் பரீதா கருவாட்டுப் பையோடு வந்து நின்றாள்.

"யாரு மௌத்து?"

பக்கத்து வீட்டு நானா கையிலிருந்த கதிரையை இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீதான், தங்கச்சி."

என்னைத் திட்ட வாயெடுத்தவள் கிணற்றடியைப் பார்த்து நின்றுவிட்டாள். எங்கள் மகள் ரிஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரில் ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

"தோணி பிந்தி, போன்ல சார்ஜ் இல்லாததுக்கு என்னைக் கபுறுல வெச்சிட்டீங்க. புள்ளையப் பாத்தீங்களா?"

பள்ளிக்கூடம் போகும் காலைகளில் ரிஸ்னாவுக்கு வயிறு வலிக்கும். பாதி நாள் வீட்டில்தான். அவள் தின்ற மாங்காய் அச்சாறுதான் காரணமென்று நான் அதை விற்கிறவளைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளிடம் கேட்டார், "எப்ப மகள் வலிக்கும்?"

"வாப்பா பயந்து பயந்து வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்கிற நேரம்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். நித்திரை வராதா? தோள் இறுகுமா? ஒரு கவலை போனால் அடுத்தது வருமா? எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

"இது எல்லாருக்கும் இரிக்கிறதுதானே டொக்டர்?"

"இல்ல."

இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது, மற்றவர்கள் இரவில் தூங்குகிறார்கள் என்று.

"இப்பிடி ஓயாமப் பயந்து கவலப்படுறதுக்குப் பதகளிப்பு நோய் எண்டு பேர். சின்னப் புள்ளைகளுக்கு வயித்துவலியா வரும். கொஞ்சம் வளந்த புள்ளைகளுக்குக் கோவமா வரும். பெரியாக்களுக்கு உங்களப் போல. குணமாக்கலாம்."

இப்போது நாங்கள் இருவரும் கிளினிக் போகிறோம். ரிஸ்னா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். நான்தான் மெதுவாகத் தேறுகிறேன்.

பரீதா வெளியே புறப்பட்டால் ரிஸ்னா சிரிக்காமல் கேட்பாள்:

"உம்மா, இண்டைக்கு எத்தன மணிக்கு மௌத்தாகுறீங்க?"

"வாப்பாட்டக் கேளு," என்பாள் பரீதா, செருப்பை மாட்டிக்கொண்டே.