எட்டுக்கு எட்டாத குரல்

குறை கேட்கும் அலுவலகங்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். குறைத்துக் கேட்கும் அலுவலகம் என்ற பெருமை இது ஒன்றுக்கே உண்டு.

மக்கள் வாய்மொழியாகச் சொல்லும் புகார்களை இருபத்துநான்கு பிட் என்ற உயர்ந்த ஒலித்தரத்தில் பதிவு செய்து செய்தே கணினி நிரம்பி வழிந்தது. இயக்குநர் ஒரே கையெழுத்தில் அத்தனையையும் இடம் குறைவாகப் பிடிக்கும் எட்டு பிட்டுக்கு இறக்கும் மென்பொருளை வரவழைத்தார். அதற்கு 'ஒலிச் சீர்திருத்தம்' என்று பெயர். மாற்றி முடித்ததும் மூலப் பதிவைத் தானே அழித்துவிடும். அவ்வளவு பொறுப்பு.

பதிவுக் கருவியை இயக்குபவரை எல்லாரும் 'பொத்தான்' என்றே கூப்பிடுவார்கள். சீர்திருந்திய முதல் கோப்பை அவர் இரண்டு முறை போட்டுக் கேட்டார். எதிர்ப் பள்ளிக்கூடத்து ஆயாவின் புகார் அது. குழந்தைகளைத் தூங்கவைத்துப் பழகிய குரல். வகுப்புச் சுவர் சாய்கிறது, விரிசலில் விரல் நுழைகிறது என்று முந்தைய நாள் அவர் சொன்னது பொத்தானுக்கு நன்றாக நினைவிருந்தது. கோப்பிலோ இயக்குநரின் "ம்... சரி... வேற?" மட்டும் கணீரென்று ஒலித்தது. இடையில் சுத்தமான அமைதி.

இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"சார், மெல்லிசாப் பேசினா எட்டு பிட்டுக்கு எட்ட மாட்டேங்குது. பூஜ்யமாக்கிடுது."

"இரைச்சல் இருக்கா?"

"இல்ல சார். ஆளே இல்ல."

"அப்ப நல்லாத்தானே வேலை செய்யுது!"

"சுவரு விழப்போகுதுன்னு அந்தம்மா சொன்னாங்க சார். நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

"கோப்புல இருக்கா?"

"இல்ல..."

"அப்ப சொல்லல."

'மனுதாரருக்குக் குறையேதும் இல்லை' என்று எழுதி இயக்குநர் புகாரை முடித்துவைத்தார். பொத்தானும் விதிப்படி அதன் கீழ் 'கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை முக்கியமல்லவா?

அடுத்த வாரம் ஆயா மறுபடி வந்தார்.

"இந்தத் தடவை சத்தமாப் பேசுங்கம்மா" என்று பொத்தான் கெஞ்சினார்.

"கத்தினா கேஸ் போடுவாங்களாமே, ஐயா?" என்று ஆயா அறிவிப்புப் பலகையைக் காட்டினார். உண்மைதான். மெதுவாகப் பேசினால் பதிவாகாது. கத்தினால் வழக்குப் பதிவாகும். யாருக்கும் பாரபட்சம் இல்லாத ஏற்பாடு.

பொத்தான் ஒலிவாங்கியை அவர் வாயருகே நகர்த்தினார். ஆயா பயந்து இன்னும் மெதுவாகப் பேசத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது. ஆயா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

விளையாட்டு நேரம் என்பதால் பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். இதில் மட்டும் அலுவலகத்தின் பங்கு ஏதுமில்லை.

மென்பொருள் அந்தப் பதிவையும் சீர்திருத்தியது. ஆயாவின் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை. சுவர் விழுந்தது ஒரு கல் விடாமல் கேட்டது.

"பாத்தீங்களா, எட்டு பிட்டே தாராளம்!" என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

பொத்தானுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. படிவத்தை எடுத்து, மனுதாரர் பெயர் என்ற இடத்தில் 'சுவர்' என்று எழுதினார். கீழே வழக்கம்போல் 'கேட்டேன்' என்று எழுதினார். சற்று யோசித்து, அதற்கு முன்னால் 'போன வாரமே' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.