கட்லெட்டுக்குக் காய்ச்சல் பார்த்த கீரி

ஒரு காட்டில் மின்சாரம் வந்து, ஃப்ரிட்ஜ் வந்து, மைக்ரோவேவ் அடுப்பும் வந்து சேர்ந்த பிறகு நடந்த கதை இது. அந்தக் காட்டில் இனம் பார்த்துச் சம்பந்தம் செய்வதில்லை, பலகாரம் பார்த்துத்தான் செய்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ராகுகாலம் தொடங்குவதற்குள் தட்டைக் காலி செய்து சம்மதம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எழுந்தால் அந்த இடம் தட்டிப்போனது என்று அர்த்தம்.

கீரி செங்கமலத்தின் மகள் வடிவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகக் கரடி வீட்டார் வருகிறார்கள் என்றதும் செங்கமலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உறைந்த சிக்கன் கட்லெட் இரண்டு பொட்டலம் வாங்கினாள். அட்டையில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் விடாமல் படித்தாள். ஃப்ரீசரிலிருந்து நேராக அடுப்புக்குப் போக வேண்டும். ஓர் ஈட்டுக்கு நான்குதான். நடுவில் எழுபத்தைந்து டிகிரி ஏறாமல் பரிமாறக் கூடாது. அதற்கென்றே ஒரு வெப்பமானியும் வாங்கினாள்.

பக்கத்துப் புதரில் நரி அபரஞ்சிக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் உண்டு. அவளும் அதே கட்லெட்டை அதே கடையில் இரண்டு பொட்டலம் வாங்கினாள். காலையிலேயே அதைப் பாறைமேல் வெயிலில் வைத்துவிட்டு, அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டே ஊர்வம்பு பேசப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நான்கு கரடிகள் வந்தன. நாலரைக்கு ராகுகாலம். முதல் ஈடு வெளியே வந்ததும் செங்கமலம் வெப்பமானியைக் குத்தினாள். ஐம்பதுதான் காட்டியது. மறுபடி உள்ளே வைத்தாள். கரடியம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"கட்லெட்டுக்கு என்னம்மா, காய்ச்சலா?" என்று கேட்டாள்.

"உள்ள வேகலைன்னா உங்க வயித்துக்கு ஆகாது, சம்பந்தி," என்றாள் செங்கமலம் பணிவாக.

தன் வயிற்றைப் பற்றி இன்னொருத்தி பேசியது கரடியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் சம்பந்தி என்று கூப்பிட்டது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு கட்லெட்டைத் தின்றுவிட்டு, இரண்டாம் ஈட்டுக்குப் பொறுக்காமல் கரடிகள் எழுந்துவிட்டன.

வாசலில் காத்திருந்த அபரஞ்சி அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். இரண்டு பொட்டலத்தையும் மொத்தமாகக் கொட்டி, ஒரே சூட்டில் எடுத்து, மேலே கொத்தமல்லி தூவியிருந்தாள். கரடிகள் ஆளுக்கு ஆறு விழுங்கின. பொழுது சாய்வதற்குள் நான்குக்கும் வயிறு கலங்கிவிட்டது.

எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் மூன்று நாள் நரி வீட்டிலேயே கிடந்தன. நரியின் மகள் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள், அவசரத்துக்குத் தாங்கிப் பிடித்துப் புதர் மறைவுக்குக் கூட்டிப்போனாள். கரடியம்மா உருகிப்போய், "இப்படிப் பார்த்துக்கிற பொண்ணு எங்க தேடினாலும் கிடைக்காது," என்று அங்கேயே தட்டு மாற்றினாள். நோய் வந்ததற்குக் காரணம் அந்தக் கீரி குத்திக் குத்திப் பார்த்த கண்தான் என்றும் காடு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

வடிவு மூலையில் உட்கார்ந்து அழுதாள். சுத்தமாகச் சமைத்த அந்த வீட்டில் செங்கமலத்துக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு காட்டுப்பன்றி வீட்டார் வருவதாகத் தகவல் வந்தது. செங்கமலம் வெப்பமானியைப் பரணில் போட்டாள். விடிந்ததும் கட்லெட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வெயில் நன்றாக விழுகிற பாறையாகத் தேடிப் போனாள்.

நீதி: நன்றாக வேகவைத்துப் போட்டால் விருந்தாளி எழுந்து போய்விடுவார். அரைவேக்காடாகப் போட்டால் எழுந்திருக்க முடியாமல் சம்பந்தியாகிவிடுவார்.